நடத்தைவாதத்தின் மெய்யியல் அடிப்படைகளும் எல்லைப்புறத் தமிழ் மொழிபெயர்ப்பும்

கேரளத்தில் தமிழும் கன்னடமும் சிறுபான்மை மொழிகளாக ஏற்கப்பட்டவை. அவ்விரு மொழியினரும் மாநில அரசுடன் தத்தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் இடமளித்தது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் தடத்தில் அமைந்த எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. இத்தகைய எல்லைப்புறத்தில் தமிழ்வழியிற் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பாடத்திட்டம் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது; கலைச்சொல் வேண்டின் அவர் கோயம்புத்தூரையும் சென்னையையும் நோக்க வேண்டியுள்ளது. இவ்விரு திசைகளும் ஒன்றோடொன்று பொருந்தாத துறைகளுள் கல்வி உளவியல் ஒன்று. அதனுள்ளும் நடத்தைவாதம் என்னும் பகுதியில் முரண்பாடு மிகுதி.

இது வெறும் சொல்லாக்கச் சிக்கல் அன்று. 1990களின் பிற்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம் ஆகிய மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. அக்காலம் முதற்கொண்டு கேரளக் கல்வியுலகில் நடத்தைவாதம் கைவிடத்தக்க பழமை எனவும், அறிவைக் கற்பவனே கட்டிக்கொள்கிறான் என்னும் கொள்கையே அதற்கு மாற்று எனவும் ஓங்கிப் பேசப்பட்டன. 2007ஆம் ஆண்டின் கேரளப் பாடத்திட்டச் சட்டகம் இம்மாற்றத்தை மேலும் வலியுறுத்தியது. ஒரு கொள்கையை மறுக்கும் நூலைத் தமிழாக்குபவர், மறுக்கப்படுவது யாது என்பதை முதலில் தமிழில் நிறுத்திக் காட்டியாக வேண்டும். கலைச்சொல்லே அதனை மறைத்துவிடுமாயின் மறுப்பும் ஏற்பும் ஒருங்கே பொருளிழக்கும்.

இயலும் வாதமும்

தமிழ்நாட்டு நூல்களில் 'நடத்தையியல்', 'நடத்தைக் கோட்பாடு', 'நடத்தைவாதம்' ஆகிய மூன்றும் வேறுபாடின்றி வழங்குகின்றன. வேறுபாடு உண்டு. ஜான் வாட்சன் 1913இல் வெளியிட்ட கட்டுரை, உளவியல் என்பது நனவை ஆராயும் துறை அன்று, புறத்தே காணத்தக்க நடத்தையை முன்னுணரவும் கட்டுப்படுத்தவும் முயலும் இயற்கை அறிவியல் என்று அறிவித்தது. அது ஓர் அறிவியல் முடிவு அன்று; அறிவியல் எதனை ஏற்கலாம், எதனை ஏற்கலாகாது என்னும் மெய்யியல் வரையறை. பின்வந்த பி. எஃப். ஸ்கின்னர், தம் கொள்கையை விளக்கி 1974இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, தாம் பேசுவது நடத்தையை ஆராயும் அறிவியலைப் பற்றியன்று, அவ்வறிவியலின் மெய்யியலைப் பற்றியே எனத் தெளிவுறுத்தினார். ஆகவே, ஆய்வுக்கூடத்திற் புறாவையும் எலியையும் கொண்டு பெறும் முடிவுகளின் தொகுதியை 'நடத்தையியல்' எனவும், அதற்கு அடித்தளமான கொள்கையை 'நடத்தைவாதம்' எனவும் பிரித்து வழங்குதல் தகும். மலையாளம் 'வாதம்' என்னும் ஈற்றையே தேர்ந்துள்ளது. இவ்வகையில் அது தமிழினும் திருத்தமானது.

அவ்வடித்தளமும் ஒரே கல்லாலானதன்று. டெகார்ட் உடலையும் உள்ளத்தையும் இருவேறு பொருள்களாகப் பிரித்தபின், உள்ளத்தை அறிதற்குரிய வழி தன்னுள் நோக்குதலே என்றாயிற்று. ஒருவன் உள்நோக்கிக் கண்டதைப் பிறர் சரிபார்க்க இயலாது. ஆதலின் அதனை விலக்குக என்றது முறைசார் நடத்தைவாதம். உள்ளம் இல்லையென்று அது கூறவில்லை. அறிவியலுக்கு ஆகாதென்றே கூறிற்று. வியன்னா வட்டத்தைச் சேர்ந்த கார்னாப்பும், வேறொரு வழியில் 1949இல் கில்பர்ட் ரைலும் எடுத்துக்கொண்டது சொற்பொருட் சிக்கல்: 'சினம்', 'நம்பிக்கை' போன்ற சொற்களின் பொருளே நடத்தையும் நடத்தைக்கான சார்பும்தாம் என்பது அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். ஸ்கின்னர் இவ்விரண்டிலும் அடங்கார். எர்ன்ஸ்ட் மாக்கின் அறிவியல் மெய்யியலிற் பழகியவர் அவர். காரணம் என்னும் மறைபொருளை நீக்கி, மாறிகளுக்கிடையிலான சார்புறவைக் கூறுதலே விளக்கம் என்பது மாக்கிடமிருந்து அவர் பெற்ற பாடம். மூவரையும் 'நடத்தையியலார்' என ஒரே சொல்லாற் சுட்டும் தமிழ்நூல், ஒருவர்க்குரிய பழியை மற்றவர்மேல் ஏற்றிவிடுகிறது.

சேட்டை, பெருமாற்றம், நடத்தை

மலையாளக் கல்வி நூல்கள் நடத்தைவாதத்தைச் 'சேஷ்டாவாதம்' என்றும் 'வியவகாரவாதம்' என்றும் வழங்குகின்றன. சேஷ்டை வடமொழியில் உடலசைவு, முயற்சி எனப் பொருள்படும். நடத்தையை வெறும் அசைவாகக் காணும் வாட்சனின் நோக்குக்கு அது நன்கு பொருந்துவது. ஆயின் தமிழில் அதே சொல் 'சேட்டை' ஆகிச் சிறுவர் குறும்பைக் குறிக்கிறது. எல்லைப்புற ஆசிரியர் அதனை அப்படியே ஏற்பின், உளவியலின் ஒரு பெரும்பள்ளி குறும்புக் கொள்கையாகிவிடும்! பேச்சு வழக்கில் நடத்தையைச் சுட்டும் மலையாளச் சொல்லோ இன்னும் ஏமாற்றுவது. அதனைத் தமிழெழுத்தில் எழுதினால் 'பெருமாற்றம்' என்றாகும். மாணவரின் நடத்தைச் சிக்கல் குறித்த ஒரு வரி, பெரிய மாற்றம் குறித்த வரியாகத் தமிழருக்குத் தோன்றும். தொலைவிலுள்ள மொழியிலிருந்து பெயர்ப்பவர் இத்தகைய இடரை எதிர்கொள்வதில்லை; ஒலியொப்புமையே இங்குப் பகை.

தமிழ்ச் சொல் குற்றமற்றதென்று கொள்ளவும் வேண்டா. 'நடத்தை' அறமதிப்புத் தோய்ந்த சொல். நன்னடத்தைச் சான்றிதழ், நன்னடத்தை அலுவலர், நடத்தை கெட்டவர் என்னும் வழக்குகளில் அது ஒழுக்கத்தின் மறுபெயர். எலியின் நடத்தை என்னும் தொடர் இன்றும் சிறிது நெருடுவதற்கு இதுவே காரணம். வாட்சனின் சொல் இம்மதிப்பை அறவே நீக்கி நின்றது. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே கோடு கிழிக்க மறுப்பதே அவருடைய முதற்கொள்கை. அக்கோட்டைத் தமிழ்ச் சொல் ஓசையின்றித் திரும்பவும் கிழித்துவிடுகிறது. எனினும் வேறு சொல் தேடுதல் இனிப் பயனற்றது. முதலில் வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் தந்து, அச்சொல்லையே ஆளுதல் போதும்.

நிபந்தனையா, ஆக்கநிலையா, அனுபந்தனமா

இத்துறையின் தலைமைச் சொல்லாகிய 'கண்டிஷனிங்' என்பதன் வரலாறு மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறியத்தக்கது. பாவ்லவ் ரஷ்ய மொழியில் எழுதியது 'உஸ்லோவ்னி' என்னும் பெயரடை; 'நிபந்தனைக்கு உட்பட்ட' என்பது அதன் பொருள். நாய்க்கு உணவைக் கண்டு வாயூறுதல் நிபந்தனையற்ற மறிவினை. உணவோடு சேர்த்து ஒலித்த ஒலியைக் கேட்டு வாயூறுதல், முன்பு அவ்விரண்டும் சேர்ந்து நிகழ்ந்திருத்தல் என்னும் நிபந்தனையின்பேரில் எழும் மறிவினை. ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு எச்சமாகத் திரிந்தது. 1927இல் ஆன்ரெப் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அவ்வடிவத்தை நிலைபெறச் செய்தது. 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்னும் நிலை 'நிபந்தனைப்படுத்தப்பட்டது' என்னும் வினையாயிற்று. வினை என்றால் செய்பவன் வேண்டும். இவ்வாறு ஓர் உறவைச் சுட்டிய சொல், ஒருவர் மற்றோருயிருக்குச் செய்யும் செயலைச் சுட்டுவதாயிற்று. நடத்தைவாதம் மனிதரை வார்ப்பில் ஊற்றும் கொள்கை என்று பின்னாளில் எழுந்த அச்சத்தில் இவ்விலக்கணத் திரிபுக்கும் ஒரு சிறு பங்குண்டு எனலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆக்கநிலையிறுத்தம்' என்றன. ஒரு நிலையை ஆக்கி அதில் நிறுத்துதல் என்பது அதன் உறுப்புப் பொருள். ஆங்கில வினையின் கைவேலைத் தன்மையை அது பன்மடங்காக்குகிறது. பாவ்லவின் நிபந்தனை அங்கு முற்றிலும் மறைந்தது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'நிபந்தனைப்படுத்தல்' வினைவடிவை விடவில்லையாயினும் மூலப்பொருளைக் காத்துள்ளது. மலையாளம் இந்தியைப் போன்றே 'அனுபந்தனம்' என்கிறது: ஒன்றன்பின் ஒன்றைப் பிணித்தல். இச்சொல்லில் லாக், ஹ்யூம் வழிவந்த எண்ணத் தொடர்புக் கொள்கை வெளிப்படையாகத் தெரிகிறது. நடத்தைவாதத்தின் பழைய வேர்களுள் ஒன்று அதுவே ஆதலின் மலையாளச் சொல் வரலாற்று நோக்கில் பிழையன்று. ஆனால் தமிழில் அனுபந்தம் நூலின் பிற்சேர்க்கை. எலப்புள்ளியில் மலையாளக் கையேட்டையும் தமிழ்நாட்டுப் பாடநூலையும் ஒருசேரக் காணும் மாணவர்க்கு, ஒரே பொருள் ஓரிடத்திற் பிணைப்பாகவும் பிறிதோரிடத்தில் வார்ப்பாகவும் காட்சியளிக்கும். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல, மூன்று மெய்யியல்கள். பாவ்லவைப் பெயர்க்குமிடத்து நிபந்தனையே பொருந்துவது. ஸ்கின்னருக்கு அது போதாது. உயிரி தானே செய்யும் செயலை அதன் விளைவு வலுப்படுத்துதலே அவர் கூறும் கற்றல். அங்கு வலுவூட்டப்படுவது செயல். செயலாற்றும் உயிரி அன்று. 'மாணவனுக்கு வலுவூட்டுதல்' எனத் தமிழ்நூல்கள் எழுதுவது அவர் கொள்கையை வெகுமதி வழங்கலாகக் குறுக்கும் பிழை.

தூண்டலும் துலங்கலும்

ஓர் இணைச்சொல்லைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். தூண்டல்–துலங்கல் என்பது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் வெற்றிகளுள் ஒன்று. மோனையும் அளவும் ஒத்து நாவில் நிற்பது. தூண்டுதல் விளக்கின் திரியைத் தூண்டுதற்கும், துலங்குதல் ஒளிர்தற்கும் தெளிவாதற்கும் உரிய சொற்கள். ஆக்கியோர் கருதினாரோ இல்லையோ, இவ்விணைக்குள் ஒரு விளக்கு எரிகிறது. திரியைத் தூண்டினால் ஒளி வருவது, எண்ணெயும் நெருப்பும் முன்னமே உள்ளிருத்தலால். ஆக, புறத்தூண்டலையும் புறவிளைவையும் மட்டும் கூறி இடைப்பட்டதைக் கூறாதொழிய விரும்பிய கொள்கைக்கு, உள்ளிருப்பதை ஒப்புக்கொள்ளும் உருவகம் வாய்த்துவிட்டது. மலையாள உளவியலின் 'சோதகம்–பிரதிகரணம்' இவ்வகையில் வறட்சியானது: செலுத்துவது, எதிர்வினையாற்றுவது, அவ்வளவே.

மொழியியலுக்கு இவ்விணை புதிதன்று. 1914இல் வுண்ட்டின் உளவியலைச் சார்ந்து எழுதிய புளூம்ஃபீல்டு, பின்னர் ஏ. பி. வைஸ் என்னும் நடத்தைவாதியின் செல்வாக்கால் நிலை மாறினார். 1933இல் வெளிவந்த அவரது பெருநூலில் ஜில் பசியுற்று மரத்தில் ஆப்பிளைக் காண்கிறாள். ஓர் ஒலி எழுப்புகிறாள். ஜாக் வேலி தாண்டி ஏறிப் பறித்து வருகிறான். ஒருவர் உடலில் எழுந்த தூண்டலுக்கு மற்றவர் உடல் துலங்க, இடையே பாலமாவது பேச்சு. ஒரு வடிவத்தின் பொருள், அது பேசப்படும் சூழலும் கேட்போரிடத்து அது எழுப்பும் துலங்கலும் ஆகும் என்பது அவர் வரையறை. சூழல் என்பது உலகம் முழுவதும் ஆதலின், உப்பை வேதியியல் கொண்டு வரையறுக்கலாம், அன்பை எதனைக்கொண்டு வரையறுப்பது என்னும் தடை எழுந்தது. பொருளாராய்ச்சி மொழியியலின் நலிந்த பகுதி என்று அவரே ஒப்பினார். 1939இல் வியன்னா வட்டத்தார் முன்னின்று நடத்திய ஒருங்கிணை அறிவியல் கலைக்களஞ்சியத்திற்கு அவர் எழுதியமை, அவரது மொழியியல் எந்த மெய்யியலோடு உறவு பூண்டது என்பதைக் காட்டும்.

அவ்வுறவின் தடம் இந்திய மொழி கற்பித்தலிலும் பதிந்தது. மைசூரில் 1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1979இல் வெளியிட்ட எஸ். இராஜாராமின் தமிழ்த் தீவிரப் பாடநூல், உரையாடல், அமைப்புப் பயிற்சி, வினாப்பயிற்சி, சொற்றொகை, இலக்கணம் என்னும் பகுப்பைத் தலைப்பிலேயே தாங்கியது. 'நான் நாளைக்கு ஊருக்குப் போவேன்' என்பதில் 'நான்' என்னுமிடத்து 'அவள்' வர, வினை 'போவாள்' என மாறப் பலமுறை சொல்லிப் பழகுதல் போன்றவை அமைப்புப் பயிற்சிகள். மொழி பழக்கங்களின் தொகுதி என்னும் கொள்கை இன்றி இத்தகைய பயிற்சிமுறை தோன்றியிராது. ஆனால் கொள்கை வீழ்ந்தபின்னும் பயிற்சி நிலைக்கலாம் என்பதும் உண்மை. திணை, பால், எண் இயைபு நாவிற் படிய இன்றும் அதனைக் கையாளும் ஆசிரியர் பலர். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டம், அமைப்புப் பயிற்சியை விடுத்துப் பொருளில் மனம் செலுத்தும் பணிகளால் ஆங்கிலம் கற்பித்தது. கேரளத்தின் பிந்தைய விவாதங்களுக்கு முன்னோடியாக அதனைக் கருத இடமுண்டு.

வியவகாரமும் வழக்கும்

மலையாளத்தின் மற்றொரு சொல்லாகிய 'வியவகாரவாதம்' தமிழறிஞர் கவனத்துக்கு உரியது. வியவகாரம் வடமொழியில் நடைமுறை, பேச்சு வழக்கு, நீதிமன்ற வழக்கு ஆகிய மூன்றையும் குறிக்கும். தமிழ் 'வழக்கு' என்னும் சொல்லும் பேச்சு வழக்கையும் மன்று ஏறிய வழக்கையும் ஒருங்கே சுட்டுதல் நோக்கத்தக்கது. தொல்காப்பியப் பாயிரம் இலக்கணத்துக்கு அடிப்படையாகக் கொண்ட இரண்டனுள் ஒன்று வழக்கு.

குழந்தை சொற்பொருள் அறிவது முதியோர் வியவகாரத்தால் என்று மீமாம்சகர் விளக்கினர். ஒரு முதியவர் 'பசுவைக் கொண்டுவா' என்கிறார், மற்றவர் கொண்டுவருகிறார். அருகிருக்கும் குழந்தை காண்கிறது. பின்னர்ப் 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டுவா' என்னும் ஏவல்களில் ஒரு சொல் புகுவதையும் ஒன்று நீங்குவதையும், அதற்கேற்பச் செயல் மாறுவதையும் கண்டு பொருளைப் பிரித்தறிகிறது. புகுத்தலும் நீக்கலும் ஆவாபம், உத்வாபம் எனப்பட்டன. இதனைக் கண்டு, இந்திய மரபிலும் நடத்தைவாதம் இருந்தது என மகிழ்வோர் உளர். அது பொருந்தாது. அவ்விளக்கத்தின் நடுவே ஒரு படி உண்டு: என் செயலுக்கு முன் எனக்கு ஓர் அறிவு தோன்றுவதுபோல், கேட்டவருக்கும் ஓர் அறிவு தோன்றியிருத்தல் வேண்டும், அவ்வறிவைத் தோற்றுவித்தது அச்சொல்லே என்று குழந்தை உய்த்துணர்கிறது. புறச்செயல் இங்கு அகவறிவுக்குச் சான்று. நடத்தைவாதி விலக்குவதே இப்படியைத்தான். ஆகவே 'வியவகாரவாதம்' என்னும் சொல், மரபறிந்த படிப்பாளிக்கு நேர்மாறான கொள்கையை நினைவூட்டவல்லது. 'வழக்குவாதம்' எனத் தமிழில் ஆக்க முனைவோர் இதனை எண்ணுதல் நன்று.

மொழிபெயர்ப்பென்னும் செயல்

நடத்தைவாதம் மொழிபெயர்ப்பைப் பற்றியே கொள்கை வகுத்தது. ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட சொல்நடத்தை பற்றிய நூலில், ஒரு சொல் மற்றொரு சொல்லுக்குத் தூண்டலாகும் வகையின் ஒரு தனிநிலையே மொழிபெயர்ப்பு என்றார். அவரோடு ஹார்வர்டிற் பணியாற்றிய குவைன் 1960இல் இன்னும் ஆழமான வினாவை எழுப்பினார். முன்பின் அறியா மொழியினன் முயல் ஓடக் கண்டு 'கவகாய்' என்கிறான். அது முயலையா, முயலின் பிரியா உறுப்புகளையா, முயல் தோன்றும் கணத்தையா குறித்தது? காணத்தக்க நடத்தை முழுவதையும் திரட்டினாலும், அதனோடு சமமாகப் பொருந்துவனவும் தம்முள் மாறுபடுவனவுமான இரு மொழிபெயர்ப்பு ஏடுகள் இயலும் என்பது அவர் முடிவு. இருமொழியாளரைக் கேட்டறியலாமே என்னும் மறுப்பையும் அவர் எண்ணினார்; இரு இருமொழியாளர் தமக்குள் வேறுவேறு இணைப்பைக் கொண்டிருத்தல் கூடும்.

எல்லைப்புறத்தில் இது நூலளவில் நிற்பதன்று. குடத்தைக் காட்டி ஒருவர் 'வெள்ளம்' என்றால் மலையாளத்தில் அது குடிநீர். தமிழில் வெள்ளம் பெருக்கெடுத்து வருவது. மழைநாளில் கரைபுரளும் ஆற்றின்முன் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி உடன்படுவர், குடத்தின்முன் வேறுபடுவர். ஒரு தூண்டலின்முன் ஒத்துப்போதல் பொருளொப்புமைக்குப் போதிய சான்றன்று என்பதற்கு முயலைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டுவதில்லை. எனினும் குவைனின் ஐயம் இத்தகைய எடுத்துக்காட்டினும் நெடிது. குடமும் ஆறும் தீர்த்துவைக்கும் வேறுபாடுகளுக்கு அப்பாலும் தீராதன உண்டு என்பதே அவர் கூற்று.

'சேஷ்டை' எனக் கண்டதும் 'சேட்டை' என எழுத எழும் உந்துதலை ஸ்கின்னரின் கொள்கை எளிதில் விளக்கும். எழுதிய கையோடு அதனை அடிப்பதை எவ்வாறு விளக்குவது? பேசுபவனே தன் பேச்சுக்குக் கேட்பவனாகித் திருத்திக்கொள்ளுதல் பற்றி அவர் அந்நூலின் ஒரு பகுதியில் விரிவாகவே எழுதினார். சாம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரையின் கூர்முனை இங்குதான் பாய்கிறது: ஆய்வுக்கூடத்தில் தூண்டல், துலங்கல், வலுவூட்டல் ஆகியவற்றுக்குத் திட்டமான பொருளுண்டு, மனிதப் பேச்சுக்கு விரிக்கும்போது அவை உருவகங்களாகி, 'விரும்புதல்', 'கருதுதல்' போன்ற பழைய சொற்களையே புதுப்பெயரில் தருகின்றன. இம்மறுப்பு வலியது. ஆயினும் ஸ்கின்னர் உள்ளனுபவத்தையே மறுத்தார் என்று அதன்பின் பரவிய கருத்து, அவர் நூல்களைப் படியாமையால் வந்தது.

அவர் மறுக்கவில்லை. 1945இல் எழுதிய கட்டுரையில், பல்வலி போன்று ஒருவர்க்கே எட்டும் நிகழ்வுகளுக்குச் சமூகம் பெயர் கற்பிப்பது எவ்வாறு என்று வினவினார். குழந்தையின் வலியைத் தாய் காண்பதில்லை. காயத்தையும், தாடையைப் பற்றிய கையையும், அழுகையையும் காண்கிறாள். அவற்றைக்கொண்டு சொல்லைத் தருகிறாள். இத்தகைய நிகழ்வைத் தமிழில் 'அகநிகழ்வு' என்று பெயர்ப்பதே இயல்பாகத் தோன்றும். அகம் புறம் என்னும் பாகுபாடு தமிழில் வேரோடியது. அவை இருவேறு உலகங்கள். ஸ்கின்னருக்கோ தோலுக்குள் நிகழ்வதும் வெளியே நிகழ்வதும் ஒரே வகைப் பொருள். பிறர்க்கு எட்டுதல், எட்டாமை ஒன்றே வேறுபாடு. 'அகநிகழ்வு' என்று எழுதிய கணத்தில் டெகார்ட் திரும்பி வந்துவிடுவார். 'தனக்கே எட்டும் நிகழ்வு' என நீட்டி எழுதுதல் நலம்.

இத்தேர்வின் பயனை எல்லைப்புறக் குழந்தையின் பேச்சே காட்டும். மலையாளத்தில் பல் நோவதும் மனம் நோவதும் 'வேதன'. தமிழில் பல்லுக்கு 'வலி'. 'வேதனை' பெரும்பாலும் மனத்துக்கு உரியது. மலையாளத்தில் 'வலி' இழுத்தலைக் குறிக்கும். ஒரே தாடையைப் பிடித்துக்கொண்டு, கேட்பவர் மொழிக்கேற்ப இச்சொற்களைப் பிறழாது மாற்றி வழங்கும் குழந்தை, தன் நோவை உற்றுநோக்கி இவ்வெல்லைகளைக் கண்டதன்று. வீட்டிலுள்ளோரும் அயலாரும் எங்குச் சொல்லை ஏற்றனர், எங்கு நகைத்துத் திருத்தினர் என்பதால் அவை அமைந்தன. நடத்தைவாதத்தின் விளக்கம் மிக வலுவாக நிற்கும் இடம் இது. மொழிபெயர்ப்பில் அதனை 'அகநிகழ்வு' ஆக்கிவிட்டால், எலப்புள்ளி ஆசிரியர் தம் வகுப்பறையில் நாள்தோறும் கேட்கும் இச்சான்று அந்நூலில் எங்குப் பொருந்தும் என்பது அவர்க்குப் புலனாகாது.